எதிர்முனை வைக்கும் வரை

மகளுக்கு வயிற்றில் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொன்னதும் வேறு அம்மாவாக இருந்தால் அப்பாடா என்று மூச்சு விட்டிருப்பாள். இவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒண்ணுமில்லன்னா எதுக்கு டாக்டர் தினம் சாயங்காலம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சுருண்டு படுக்கிறா? ராத்திரி ஒரு வாய் சாப்பிடறதில்ல. ஆறு மாசத்துல நாலு கிலோ இறங்கிட்டா. நடிக்கிறாளா?"

"நடிக்கலைம்மா. வலி நிஜம்தான். பொண்ணு எதுக்கோ பயப்படுது, அது வயித்துல வந்து உட்காருது. எதுக்குன்னு கண்டுபிடிங்க. இல்லன்னா இன்னும் இளைச்சுக்கிட்டேதான் போவா," என்ற டாக்டர், அடுத்த ஆளைக் கூப்பிட மேஜை மணியை அழுத்தினார்.

மணிச் சத்தத்துக்கு இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருக்காதா பின்னே? மணி அடித்தால் உள்ளங்கை வியர்க்கிற பிழைப்பு அவளுடையது. வீட்டுச் சாமான்கள் விற்கிற ஒரு கம்பெனியின் புகார் பிரிவில் ஒன்பது வருஷமாகப் பத்தாம் நம்பர் நாற்காலி. அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமெல்லாம் கிடையாது, நாற்காலி நம்பர்தான். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பிரிட்ஜ் குளிரவில்லை, மிக்சி புகைகிறது, வருகிறேன் என்ற மெக்கானிக் வரவில்லை. மெக்கானிக் வராததற்கு இவளா பொறுப்பு? அவன் எங்கே இருக்கிறான் என்பது அவனைப் பெற்றவளுக்கே தெரியாது. ஆனால் திட்டு இவளுக்கு.

கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் எதிர்முனையில் இருப்பவர் வைக்கும் வரை நாம் போனை வைக்கக் கூடாது. வைத்தால் அன்றைக்கே சீட்டு கிழிந்துவிடும். இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான் அந்த நாற்காலியில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி. காலையில் பஸ் ஏறும்போதே இவளுக்கு அடிவயிறு இறுகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே திங்கட்கிழமையின் படபடப்பு ஆரம்பித்துவிடும்.

கம்பெனியும் சும்மா இருந்துவிடவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை மன அமைதி சொல்லிக்கொடுக்க ஒருவரை அழைத்து வருவார்கள். மூச்சை இழுங்கள், நாலு எண்ணுங்கள், மெதுவாக விடுங்கள் என்பார் அவர். அந்த ஒரு மணி நேரத்தைச் சாப்பாட்டு இடைவேளையிலிருந்து கழித்துக்கொள்வார்கள், படுபாவிகள். ஒன்பதாம் நம்பர் ஒரு ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே பேசுவாள். பதினொன்றாம் நம்பர் காகிதம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கிறுக்குவான். ஆனால் அத்தனை பேரையும் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது போனில் இருந்த மியூட் பொத்தான்தான்.

அதை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். எதிர்முனைக்காரர் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவருக்குக் கேட்காது. அவர் மூச்சுவிடாமல் திட்டும்போது பொத்தானை அழுத்தி, வாய்க்கு வந்தபடி திருப்பித் திட்டிவிட்டு, மறுபடி அழுத்தி, "உங்க சிரமம் எனக்குப் புரியுதுங்க சார். மன்னிச்சுக்கங்க. இனிமே இப்படி நடக்காது" என்று தேனொழுகச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்குப் பழையவர்கள் முதல் நாளே காதோடு காதாகச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பத்தாம் நம்பர் இதில் கைதேர்ந்தவள். அவள் மியூட்டில் திட்டுவதைக் கேட்க அக்கம்பக்கத்து நாற்காலிகள் தங்கள் ஆளை அம்போ என்று விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளும்.

ஆனால் எட்டு மணி நேரம் வாங்கியதெல்லாம் ஒரு பொத்தானில் தீர்ந்துவிடுமா? மிச்சம் பஸ்ஸில் கூடவே ஏறி வரும். ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் செருப்பு குறுக்கே கிடக்கும். அவ்வளவு போதும். "எத்தனை தடவை சொல்றது? காதுல என்ன வச்சிருக்க? உன்னையெல்லாம் எதுல சேர்த்துக்கிறது?" என்று அந்தப் பதினோரு வயதுப் பெண் மேல் ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். அவள் "சாரிம்மா, வயிறு வலிக்குது" என்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் தடதடவென்று திறந்துவிடுவாள். "தண்ணியை எதுக்குடி இப்படித் திறந்து விடற?" என்று வெளியிலிருந்து இரண்டாவது சுற்று. இதெல்லாம் இவளுக்குத் திட்டாகவே தோன்றவில்லை. நாள் முழுக்க வாயைக் கட்டி உட்கார்ந்துவிட்டு வருகிறோம், வீட்டிலாவது வாயைத் திறக்கக் கூடாதா என்ற நினைப்பு.

டாக்டர் சொல்லிவிட்டார் அல்லவா, மறுநாளே கண்டுபிடிக்கக் கிளம்பிவிட்டாள். முதலில் மாடி வீட்டு நாய். அது குரைத்துத்தான் பிள்ளை பயப்படுகிறது என்று மாடி வீட்டு அம்மாவோடு படியில் நின்று ஒரு மூச்சு சண்டை. "எங்க நாய்க்குப் பல்லே இல்லைங்க," என்றாள் அந்த அம்மா. அடுத்தது பள்ளிக்கூடம். கணக்கு டீச்சர் மிரட்டுகிறாரா, கூடப் படிப்பவர்கள் சீண்டுகிறார்களா என்று வகுப்பு டீச்சரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். அந்த டீச்சரும் சளைத்தவர் இல்லை.

"இங்க அவளுக்கு ஒரு நாளும் வலி வந்ததில்லைங்க. சாயங்காலம் ஆறு மணிக்குத்தானே வருதுன்னு சொல்றீங்க? ஆறு மணிக்கு அவ எங்க இருக்கா, என்கிட்டயா?"

கணவன் ஒரு கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன், காலை ஷிப்ட், மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பான். டீச்சரின் திமிரைப் பற்றி அவனிடம் பொரிந்து தள்ளினாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருக்கா" என்றான்.

"அப்படின்னா? நான் பிசாசா?"

"நான் அப்படிச் சொல்லலை."

"சொல்லித்தான் பாருங்களேன்!"

பத்து டன் சரக்கை அசைக்கிற ஆள், இவளுக்கு முன்னால் ஒரு வார்த்தையை அசைக்க மாட்டான்.

அந்த வாரம்தான் அலுவலகத்தில் புதுப் போன்கள் வந்தன. பழைய போனில் மியூட் பொத்தான் இருந்த அதே இடத்தில் இப்போது வேறொரு பொத்தான். இந்த அழைப்பை சூப்பர்வைசர் கேட்க வேண்டும் என்று குறிப்பதற்கானது. அதற்கும் சிவப்பு விளக்குதான். மியூட்டைப் பக்கவாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இதையெல்லாம் ஒரு காகிதத்தில் அச்சடித்துத் தண்ணீர் கேனுக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். தண்ணீர் குடிக்கவே நேரமில்லாத இடத்தில் அதை யார் படிப்பது?

பதினோரு மணிக்கு அலறல் சார் கூப்பிட்டார். மூன்று வருஷமாக விடாமல் கூப்பிட்டுக் கத்துகிற வாடிக்கையாளர். அவர் பெயர் என்னவோ, அறையில் அந்தப் பெயர்தான். வாஷிங் மெஷினை ஐந்து தடவை பழுதுபார்த்தும் தண்ணீர் ஒழுகுகிறதாம். ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே அலற ஆரம்பித்துவிட்டார். நீங்களெல்லாம் சோறுதான் தின்கிறீர்களா, வெட்கம் மானம் இருக்கிறதா என்று போய்க்கொண்டே இருந்தது. இவளுடைய விரல் தானாகப் பழைய இடத்துக்குப் போய் அழுத்தியது. சிவப்பு எரிந்தது.

"வாயை மூடுய்யா! எத்தனை தடவை சொல்றது? காதுல என்ன வச்சிருக்க? எப்பப் பார்த்தாலும் கத்து, கத்து, கத்து! உன்னையெல்லாம் எதுல சேர்த்துக்கிறது? உன்கூட ஒரே வீட்டுல இருக்கிறவங்களை நினைச்சா எனக்கு வயித்தைக் கலக்குது. என்ன பாவம் பண்ணிட்டு வந்து உன்கிட்ட மாட்டினாங்களோ!"

எதிர்முனையில் சத்தம் நின்றது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அலறல் சார் வாயடைத்துப் போனார். பிறகு அவரே போனை வைத்துவிட்டார். பந்தைப் பிசைந்துகொண்டிருந்த ஒன்பதாம் நம்பர் அப்படியே இவளைப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு சூப்பர்வைசர் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டார். அலறல் சாரின் குரல் முதலில் வந்தது, அது பழகியதுதான். அடுத்து ஒரு பெண் குரல் வந்தது. கீச்சென்று, பல்லைக் கடித்துக்கொண்டு, கேட்கிறவர் தோலை உரிக்கிற மாதிரி ஒரு குரல். இவளுக்கு அடிவயிறு இறுகியது. உள்ளங்கை வியர்த்தது. இப்படிக்கூடவா ஒரு பொம்பளை கத்துவாள் என்றுதான் முதலில் தோன்றியது.

"யாரு சார் இது?"

"விளையாடறீங்களா? நீங்கதான்."

எத்தனை தடவை சொல்றது, காதுல என்ன வச்சிருக்க. முந்தாநாள் மகள் தண்ணீர் பாட்டிலைப் பள்ளிக்கூடத்தில் மறந்துவிட்டு வந்ததற்கு இவள் சொன்னது இதே வார்த்தைகள்தான். இதே குரலாகத்தான் இருந்திருக்க வேண்டும். இந்தக் குரலுக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? இவளுக்காவது ஐந்து மணிக்கு விடுதலை உண்டு.

"பேசுங்க. மேல என்னைக் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். அவர் மேஜையில் போன் அடித்தது. எடுக்கும் முன் அவரும் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டதை இவள் பார்த்தாள். பாவமாக இல்லை. வியர்க்கட்டும் என்றுதான் இருந்தது. திங்கட்கிழமை வரை வராதீர்கள், வேலை இருக்கிறதா இல்லையா என்று கூப்பிட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்.

நாலரை மணிக்கே வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பனை எதற்கோ கலாய்த்து, விழுந்து விழுந்து சிரிக்கிற சிரிப்பு. இதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டே சாவியைத் துவாரத்தில் நுழைத்துத் திருப்பினாள். சிரிப்பு நின்றது. கதவு திறந்தபோது மகள் குனிந்து செருப்பை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றில்.

"இங்க வா. என்னைப் பார்த்தா பயமா இருக்கா உனக்கு?"

மெதுவாகக் கேட்கத்தான் நினைத்தாள். வாய் பழகிய பழக்கம், அதட்டலாக வந்துவிட்டது. மகள் அப்பாவைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள்.

"அதெல்லாம் இல்லைங்கம்மா. உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. மன்னிச்சுக்கங்க. இனிமே இப்படி நடக்காது."

வா, போ, நீ என்று அம்மாவோடு புழங்குகிற பிள்ளை. யாரைப் பார்த்து இதைக் கற்றுக்கொண்டாள் என்று இவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லீவு நாளில் அலுவலகத்துக்குக் கூட்டிப் போய்ப் பக்கத்தில் உட்கார வைத்ததே இவள்தான். மகள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். குழாய் தடதடவென்று ஓடியது.

இவள் கதவருகே போய்க் காதை வைத்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் ஒரு சின்னக் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு, "வாயை மூடு! எப்பப் பார்த்தாலும் கத்து, கத்து, கத்து! உன்னையெல்லாம் எதுல சேர்த்துக்கிறது? எதுக்கு இன்னைக்குச் சீக்கிரம் வந்த? உன்னை யாரு வரச் சொன்னா?" என்று திட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீர் ஓடுவதைக் கேட்டுக் கணவன் வந்து கதவைத் தட்டக் கையை ஓங்கினான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. அவ பேசி முடிக்கட்டும்."

உள்ளே இன்னும் நிறைய இருந்தது. பாட்டிலைப் பற்றி இருந்தது, டீச்சர் முன்னால் போட்ட சண்டையைப் பற்றி இருந்தது, பிறந்தநாளன்றைக்கு எல்லார் எதிரிலும் அடித்ததைப் பற்றிக்கூட இருந்தது. நகர்ந்துவிடலாம் போலிருந்தது. நகராமல் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் கழித்துக் குழாய் நின்றது. அதற்குப் பிறகுதான் கதவிலிருந்து காதை எடுத்தாள்.