கல்வராயன் மலைச் சோளத்தட்டையும் படிவத்தின் நான்காவது கட்டமும்

இட ஒதுக்கீடும் சாதிவாரிக் கணக்கெடுப்பும் கேட்டு வட மாவட்டங்களில் மறியல் நடக்கும் இந்த நாள்களில் கல்வராயன் மலைக்குப் போகலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். மூன்று வாரத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை, நான் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சும் சோளத்தட்டை, கரும்பின் காய்ந்த தோகையான சோகை இவற்றில் எது எரிபொருள் தயாரிக்கத் தேறும் என்று சோதிக்கும் ஆய்வாளர் மலர்விழி, கூட வந்து எழுதச் சொன்னார். முப்பத்தொரு ஆண்டு செய்தியாளனாக இருந்தவனுக்கு மறுக்கத் தோன்றவில்லை.

காலை 6.10க்குக் கள்ளக்குறிச்சியில் கார் ஏறினோம். டீசலோடு வாடகை 2,900 ரூபாய். வெள்ளிமலை வரை மீட்டரில் 39 கிலோமீட்டர். "நாலு மணிக்குள்ள ஊரு போய்ச் சேர்ந்துடணும் சார். மரத்த வெட்டிப் போட்டாங்கன்னா அவ்ளோதான்" என்று ஓட்டுநர் செல்வம் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு முறை சொன்னார்.

மலர்விழியின் கருவி டார்ச் விளக்கு அளவுதான். முதலில் ஒரு வெள்ளை வில்லையின் மேல் வைத்துச் சரிபார்ப்பார். பிறகு தட்டையின் மேல் வைத்து அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத ஒளி பாயும். திரும்பி வரும் ஒளியைக் கொண்டு நார் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, மண் எவ்வளவு என்று அரை நிமிடத்தில் கைபேசி காட்டிவிடும். ஆய்வகத்தில் இதற்கு நாள்கணக்காகும்.

"அடுப்புல வெச்சா எரியும், எங்களுக்கு அவ்ளோதான் தெரியும். உன் மெஷினு வேற இன்னாம்மா சொல்லுது?" என்றார் மக்காச்சோளத் தட்டை கொடுத்த ஒரு மலை விவசாயி. மலர்விழி சிரித்துக்கொண்டே படிவத்தை நிரப்பினார். அதில் நான்கு கட்டங்கள்: பெயர், ஊர், பயிர், சாதி. அலுவலகத்தில் எல்லாப் படிவத்திலும் இருக்கும் கட்டம் அது. அவர் கேட்டார், அவர்கள் சொன்னார்கள். எனக்கும் அது உறுத்தவில்லை. மதியம் ஒரு மணிக்குள் அந்த ஒரே தாளில் 23 பேர்.

அடுத்து மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்புச் சோகை எடுக்க வேண்டும். சங்கராபுரம் தாண்டி ஏழாவது கிலோமீட்டரில், மணி 2.40, சாலைக்குக் குறுக்கே ஒரு புங்கமரம் கிடந்தது. நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். திரும்பலாம் என்றால் பின்னால் ஒரு டிராக்டர்.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"மலையிலேர்ந்துண்ணே. சோளத்தட்டை எடுத்துக்கினு போறோம்" என்றார் செல்வம்.

தலையில் துண்டு கட்டியிருந்தவர் பின்கதவைத் திறந்து, இருக்கையில் கிடந்த தாளை எடுத்து உரக்கப் படித்தார். "பேரு, ஊரு, பயிரு…" சற்று நிறுத்தினார். "டேய், இங்க வாங்கடா! யாரு இன்னா சாதின்னு எழுதிக்கினு போறாங்க!"

காரைச் சுற்றிக் கூட்டம் நெருங்கியது. யாரோ பானெட்டில் ஓங்கித் தட்டினார்கள். மறியல்கள் பல பார்த்தவன் நான். என் உயிருக்கோ காருக்கோ அப்போது பயப்படவில்லை. அந்தத் தாளுக்குப் பயந்தேன். எந்த ஊரில் யார், என்ன சாதி என்று 23 பேர் அதில் இருந்தார்கள். இந்த நாள்களில் அது யார் கைக்குப் போகும், என்ன ஆகும் என்று யார் சொல்ல முடியும்? மலைமேல் இருப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது.

"சோளத்தட்டைக்கு இன்னாத்துக்கும்மா சாதி?" என்று மலர்விழியைக் கேட்டார் துண்டுக்காரர்.

"தேவையில்லைங்க. ஆபீஸ்ல கேப்பாங்க, பழக்கத்துல எழுதிட்டேன்" என்றார் மலர்விழி.

மலர்விழியின் மடியிலிருந்த கருவியைக் காட்டினார் அவர். "உன் மெஷினு கேக்குமா?"

"கேக்காதுங்க."

"அப்ப காட்டு."

பக்கத்து வயலிலிருந்து ஒருவர் ஒரு கை சோகை வாரி வந்தார். மலர்விழி வெள்ளை வில்லையில் கருவியைச் சரிபார்த்து, சோகையின் மேல் அழுத்தினார். ஈரம் 34 சதவீதம். 'நல்ல சோகை என்று சொல்லிவிடு தாயே' என்று மனதுக்குள் வேண்டினேன்.

"இது தேறாதுங்க. ஈரம் ஜாஸ்தி, மண்ணும் ஜாஸ்தி" என்றார் அவர்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "மாமா, உன் சோகைக்கும் இட ஒதுக்கீடு கேட்டாதான் உள்ள வுடுவாங்க போலகீதே!"

கூட்டம் சிரித்தது. துண்டுக்காரர் சிரிக்கவில்லை. "தாளு எங்கிட்டயே இருக்கட்டும்."

"பேரெல்லாம் இருக்குங்க. குடுக்க மாட்டேன்" என்றார் மலர்விழி.

மலர்விழி அவர் கையிலிருந்த தாளின் ஓரத்தைப் பிடித்து, நான்காவது கட்டத்தை மட்டும் மடித்துக் கிழித்து, அந்தத் துண்டை அவரிடமே விட்டார். பெயருள்ள பகுதி மலர்விழி கையில். துண்டுக்காரர் வெறும் சாதிப் பெயர்களை விரல் வைத்து எண்ணினார்.

"எங்காளுங்க ஆறு பேரு" என்றார். "எண்ணிச் சொல்லுங்கன்னுதான நாங்களும் ரோட்ல குந்திக்கினு கீறோம்." அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கையசைத்தார். பின்னாலிருந்த டிராக்டரை நகர்த்தி வழிவிட்டபோது மணி 3.35. மூங்கில்துறைப்பட்டை விட்டுவிட்டுச் சங்கராபுரத்துக்கே வண்டியைத் திருப்பினோம்.

போகிறவர்களுக்கு: மலையேறுமுன் கச்சிராயபாளையத்தில் டீசல் நிரப்பிக்கொள்ளுங்கள். பனி ஈரம் அளவைக் கெடுக்கும். தட்டையை ஒரு நாள் காயவைத்துச் சோதியுங்கள். மாதிரி உறைகளில் எண் மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் முன், படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் எதற்கு என்று கிளம்புமுன்பே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

மலர்விழி மூன்று கட்டத்தோடு அறிக்கை கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் அது திரும்பி வந்தது: 'நான்காவது கட்டம் விடுபட்டுள்ளது. நிரப்பி அனுப்பவும்.' மறுபடி மலைக்கு வரச் செல்வத்தைக் கேட்டோம். "சோளத்தட்டைக்குன்னா வரேன் சார். அந்தக் கேள்விக்குன்னா எவ்ளோ குடுத்தாலும் வரல" என்றார்.

கெடு வரும் திங்கட்கிழமை. மலர்விழி அந்தக் கட்டத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை.