மூன்றே நாளில் எரிந்த விளக்கு

கம்ப்யூட்டர் அறைக்குள்ளிருந்து பிரிண்டர் கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

"முத்துலட்சுமி! பெரியவர் மாடிப்படி ஏறிண்டிருக்கார். திரையில சிவப்பு ஏதாவது மிச்சம் இருக்கா பாரும்மா!" என்று பதறினார் வார்டு மேலாளர் அனந்தராமன்.

முத்துலட்சுமி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஏ.சி. போட்டுக் குளிர்ந்த அந்தக் கருவறைக்குள் ஓடினாள்.

பதினோரு வருடமாக அவள் தற்காலிகத் தட்டச்சர். மாநகராட்சித் தலைமை அலுவலகத்தார் சிங்கப்பூர் போய் வந்து, மாநகரத்தையே கம்ப்யூட்டருக்குள் வைத்துவிட முடிவு செய்தது தொண்ணூற்றெட்டில். மயிலாப்பூரின் இந்த வார்டுக்கும் ஒரு பெட்டி வந்தது. சந்தனம் வைத்தார்கள், பூச் சாத்தினார்கள். ஷாக் அடிக்கும் என்று பயந்து, தொடுவதை மட்டும் அவளிடம் விட்டார்கள்.

மூன்று நாளில் தீராத புகார் திரையில் சிவப்பாகிவிடும். சிவப்பே இல்லாவிட்டால் அவள் வேலை நிரந்தரம் என்றார் அனந்தராமன். வழியும் அவரே சொன்னார். மூன்றாம் நாள் காலையில் 'தீர்ந்தது' என்று அடித்துவிட்டு, அதே புகாரை மறுநாள் புதிதாகப் பதிந்தால் போதும்.

அஸ்மத்துன்னிசாவின் தெருவிளக்குப் புகார் அப்படி ஒன்பது முறை செத்து மறுபடி பிறந்திருந்தது. அந்த இருட்டில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டவள், இன்று காலையில்தான் மாவுக்கட்டோடு வந்து நின்றாள்.

"இன்னாம்மா, உன் டப்பாவுல எரியுதுன்றே, எங்க தெருவுல இருட்டாவே கீது?"

முத்துலட்சுமி அந்த மாவுக்கட்டையே பார்த்தாள். ஆனாலும் விரல் 'தீர்ந்தது' என்றே அடித்தது. நிரந்தரம் என்ற ஒரு சொல்லுக்காக!

மாடியேறி வந்த தலைமை அலுவலக அதிகாரி வெங்கடரமணன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்துப் பூரித்தார்.

"நிலுவை பூஜ்யமா! பிரமாதம்!"

"சார், இவளோட நிரந்தரம் விஷயம்..." என்று இழுத்தார் அனந்தராமன்.

"புகாரே இல்லாத வார்டுக்கு டைப்பிஸ்ட் எதுக்குய்யா? ஒண்ணாந்தேதியோட இந்த போஸ்ட்டை எடுத்துடலாம்."

முத்துலட்சுமி முன்னால் வந்தாள். "சார், அந்த விளக்கு எரியவே இல்லை. ஒன்பது தடவையும் எரியலை."

"தீர்ந்ததுன்னு காட்டுதேம்மா?"

"நான்தான் சார் அப்படி அடிச்சேன்."

"யார் அடிச்சா என்ன? கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா" என்றார் அவர், தகப்பனின் கனிவோடு.

அவள் கன்னத்தில் வழிந்த கண்ணீர் விசைப்பலகையில் சொட்டியது. அனந்தராமன் அவசரமாகக் கைக்குட்டையை எடுத்து விசைப்பலகையைத் துடைத்தார்.

வெங்கடரமணன் வெளியே போய் ஷூவை மாட்டிக்கொண்டார். குளிர் வீணாகக் கூடாதே என்று, கதவைத் தன் கையாலேயே இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.