அப்பாவின் வயிற்று வலி

இன்று காலை, எங்கள் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் செல்வி போன் செய்தாள். “அக்கா, வயித்து வலி. இன்னைக்கு லீவு வேணும்.”

பின்னால் கல்யாண மேளம் கேட்டது.

“ஏட்டி, கல்யாணத்துக்குப் போறேன்னே சொல்லு. வயித்து வலின்னு மட்டும் சொல்லாத!” என்று கத்திவிட்டேன். பயந்துபோய் வைத்துவிட்டாள்.

மில்லில் வேலை பார்த்த அப்பாவும் இப்படித்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கும் தேவதானத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் லீவு லெட்டரில் ஒரே காரணம், வயிற்று வலி. அதற்குத்தான் கேள்வி கேட்காமல் லீவு கொடுப்பார்கள்.

தொண்ணூறுகளில் ஆயுள் காப்பீடு எடுத்தார். “வயித்துல கோளாறு ஏதும் உண்டா?” என்று ஏஜென்ட் கேட்டார்.

“கல்லத் தின்னாலும் செரிக்கும்” என்று அப்பா சிரித்தார். அன்றைக்கு அது உண்மை.

அடுத்த வருடமே குடலில் புற்றுநோய் வந்து இறந்துபோனார். இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து விசாரிக்க வந்தவர், மில்லிலிருந்து வாங்கி வந்த அப்பாவின் பழைய லீவு லெட்டர்களை அம்மா முன் வைத்தார். “பாலிசிக்கு முன்னாடியே வயித்து நோவு இருந்திருக்கு. மறைச்சிட்டாரு.” பணம் வரவில்லை.

அம்மா கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்பாவுக்கு எழுத வராது. அத்தனை லெட்டரையும் எழுதியது, எட்டாவது படித்துக்கொண்டிருந்த நான்.

திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், செல்வி இன்னும் போனை எடுக்கவில்லை.

லீவுக்கு நீங்கள் என்ன பொய் சொல்வீர்கள்? வயிற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.