நாவலுக்கு ஒயின், வீட்டுக்காரருக்கு திராட்சை ரசம்

மதாம் அந்த யோசனையைச் சொன்னபோதே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். நான் நாவல்களைப் பற்றிப் பேச வேண்டுமாம். ஒவ்வொரு நாவலுக்கும் அதன் குணத்துக்குத் தோதான ஒயினை மதாம் ஊற்றிக் கொடுப்பாராம். "கதை அழுதா ஒயினும் கூட அழணும்மா" என்றார்.

மதாமின் புருஷன் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் தவறினபிறகு பிரான்சிலிருந்து ஊரோடு வந்துவிட்டார் மதாம். நான் பத்தாவதோடு நின்றவள். ரெட்டியார்பாளையத்து வீட்டில் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டே, மிஷின் பக்கத்தில் நாவலை விரித்து வைத்துப் படித்தவள். நூலகத்து வாசகர் கூட்டத்தில் நான் கதை சொல்வதைக் கேட்டுத்தான் மதாம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

தயக்கத்துக்குக் காரணம் மேடை இல்லை. என் வீட்டுக்காரர்.

எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்துக் கம்பெனி ஒன்றில் ஃபிட்டர். ஒரு காலத்தில் ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்கு வரும் வழியே அவருக்கு மறந்துபோகும். அப்போதெல்லாம் எதிர்வீட்டு அக்கா சொல்லுவாள், "அந்தாளு குடிக்கிறான், உனக்குல்லடி தலை சுத்துது." சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய?

கடைசியில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். தினமும் காலையில் ஒன்று. "இதைப் போட்டுக்கிட்டிருக்கிறப்ப ஒரு வாய் சரக்கு உள்ள போனாலும் மூஞ்சி செவந்துடும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், வாந்தி எடுக்கும். உசுருக்கே ஆபத்தாகலாம். இருமல் மருந்தைக் கூட என்னைக் கேக்காம குடிக்கக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் தொடவில்லை. முதலில் நானே எடுத்துக் கொடுத்தேன். அப்புறம், "நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று டப்பாவை வாங்கித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார்.

ஒயின் கூட்டத்துக்கு நான் தனியாகவே போய் வருகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. "நான் கொண்டாந்து விடறேன். முற்றத்துல உக்காந்திருக்கேன். அந்தப் பக்கமே வரமாட்டேன், போதுமா?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மதாம் வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். மேசையில் நீளக் காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பைகள். நான் ஒரு சொட்டும் குடிக்கிறவள் இல்லை. அதனால் மதாம் ஒவ்வொரு ஒயினின் ருசியையும் முன்கூட்டியே வாயால் சொல்லியிருந்தார். அதை எனக்குத் தெரிந்த ருசியாக மாற்றி வைத்துக்கொண்டேன். வெள்ளை ஒயின், எலுமிச்சம்பழத்தை நக்கினது மாதிரி சுரீரென்று இருந்துவிட்டுப் போய்விடும். அதற்கு, கல்யாண வீட்டுக் குளறுபடியை வைத்து எழுதின ஒரு சிரிப்பு நாவல். சிவப்பு, நாக்கைப் பிடித்து இழுக்கும். அதற்கு, ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசிக்கொள்ளாத இரண்டு அண்ணன் தம்பிகளின் கதை.

"இந்த நாவலைப் படிச்சா எச்சில் வறண்டுடும். நாவப்பழம் தின்ன நாக்கு மாதிரி ஆயிடும். சிவப்பு ஒயினும் அப்படித்தானாமே?" என்றேன்.

பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் கோப்பையைத் தூக்கினார். "அப்ப நாவலுக்கு நாவப்பழ ஒயின்தாம்மா சரி! இது பிரெஞ்சுக்காரனுக்குத் தோணுச்சா?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினேன். முற்றத்துப் பெஞ்சில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பது அங்கிருந்தே தெரியும். கையில் ஒரு டம்ளர். அண்ணாந்து, அடியில் இருந்ததைக் குடித்து முடித்தார்.

தண்ணீராக இருக்கும் என்று நினைக்கப் பார்த்தேன். டம்ளரின் ஓரத்தில் கருஞ்சிவப்பு.

பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். மதாம் வீட்டில் சமையல் செய்கிற முத்தியால்பேட்டை அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா குடுத்தீங்க?"

"பாவம், எல்லாரும் உள்ள குடிக்கிறாங்க, இவர் மட்டும் சும்மா உக்காந்திருக்காரேன்னுதான். ஒயின் குடிப்பீங்களான்னு கேட்டேன், வேணாம்னுட்டார். அதான் திராட்சை ரசம் குடுத்தேன்."

"ஜூஸா?"

"ஜூஸ் இல்ல, திராட்சை ரசம். கிறிஸ்துமஸுக்கு நானே போட்டது. திராட்சை, சக்கரை, ஈஸ்ட்டு, ரெண்டு பட்டை. நாள் ஆக ஆகத்தான் நல்லா இருக்கும்."

அந்த அக்காவுக்கு ஒயின் என்றால் கடையில் வாங்குகிற பாட்டில். வீட்டில் ஜாடியில் போட்டது மாதா கோயில் தமிழில் திராட்சை ரசம். எங்கள் வீட்டில் ரசம் என்றால் சோற்றுக்கு, பழரசம் என்றால் காய்ச்சல்காரருக்கு. அவள் பொய் சொல்லவில்லை. அவளைத் திட்ட எனக்கு வாயும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்து அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பினேன். இன்னும் சிவக்கவில்லை. மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். நாடி எவ்வளவு அடித்தால் சரி என்று எனக்குத் தெரியாது.

"எழுந்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம். மதாம் கார் இருக்கு."

"வேணாம். ஒண்ணும் ஆவாது."

"ஆவும்! டாக்டர் என்ன சொன்னாரு? மாத்திரை போட்டிருக்கீங்க!"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையை விலக்கினார். கூடத்திலிருந்து யாரோ, "அண்ணன் தம்பி பேசுனாங்களா இல்லையாம்மா?" என்று கூப்பிட்டார்கள். நான் அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேனா, வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நேரம் போனது. வியர்வை இல்லை, மூச்சிரைப்பு இல்லை. ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

அப்போதுதான் வேறொரு பயம் ஏறி வந்தது.

"மாத்திரை போடறீங்களா இல்லையா?"

"தீபாவளிக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். எந்நேரமும் தூக்கமா வந்துச்சு. மிஷின்ல கை வைக்கவே பயமா இருந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தூங்குவியா?"

"அதுக்கப்புறம் குடிச்சீங்களா?"

"சத்தியமா இல்ல. இன்னிக்குத்தான்."

"ஜூஸுன்னு நெனச்சுத்தானே?"

அவர் தரையைப் பார்த்தார். "மொத வாய் அப்படித்தான்."

டம்ளர் காலி.

மதாம் வெளியே வந்து, "என்னாச்சு மஷேர்?" என்று, கண்ணே என்பதைப் பிரெஞ்சில் சொல்லி, என் தோளைத் தொட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரரே எழுந்து நின்றார். "மதாம், நான் குடிய விட்டவன். இனிமே இந்த வீட்ல எனக்குத் தண்ணி மட்டும் குடுங்க. அந்த அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க." சமையல்கார அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மதாம் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீரைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். என் வீட்டுக்காரர் முழுவதையும் குடித்தார்.

வெளியே வந்ததும் ஸ்கூட்டர் சாவியை என்னிடம் நீட்டினார். "நீ ஓட்டு."

எனக்குத் தெருமுனைக் கடை வரைக்கும்தான் ஓட்டிப் பழக்கம். பின்னால் ஆளை வைத்து ஓட்டியதே இல்லை. விழுப்புரம் ரோட்டில் பஸ்கள் உரசிக்கொண்டு போயின. ரோட்டின் ரெண்டு பக்கமும் ஒயின்ஸ், ஒயின்ஸ் என்று போர்டுகளில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள்.

"ஏதாச்சும் பேசிக்கினே வா" என்றார்.

"என்ன பேசறது?"

"உள்ள சொன்னியே, அத சொல்லு. எனக்குச் சரியா காதுல விழல."

அண்ணன் தம்பி கதையைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ஹாரன் சத்தத்துக்கு மேலே கத்தினேன். அவர் 'ம்' கொட்டினார். சில இடங்களில் 'ம்' வரவில்லை. அந்த இடங்களில் எல்லாம் ஒயின்ஸ் கடை இருந்ததா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். என் தோளும் அதன்மேல் இருந்த அவர் கையும்தான் தெரிந்தன. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று தெரியவில்லை. கதையை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன்.