மல்லிகை பிரஷ்

தங்கையின் கல்யாண ஆல்பத்தைச் செய்தவர், விருத்தாசலத்தில் பீங்கான் கோப்பைகளில் போட்டோ அச்சடிக்கும் கடைப் பெண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் மூக்கு உரசக் குனிந்திருப்பார். கொடி, பட்டாம்பூச்சி என்று எல்லாவற்றுக்கும் கணினியில், இழுத்தால் அதையே வரைந்துவிடும் ஒரு பிரஷ் வைத்திருந்தார். பேசும்போதும் கை நிற்காது.

ஒரு பக்கத்தில் அம்மாவின் கொண்டையில் மல்லிகைச் சரம் இருந்தது. அப்பா இறந்தபின் அம்மா பூ வைப்பதில்லை.

"இந்தப் பூவ எடுத்துடுங்க. அப்பா இல்லைங்க. அம்மா பாத்தா சங்கடப்படுவாங்க" என்றேன்.

"அவங்கதாங்க நேத்து வந்து வெக்கச் சொன்னாங்க. ஒரு சரம் பத்தலன்னாங்க, ரெண்டா வெச்சேன். எடுத்துடவா?"

அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டே அந்தப் பூவுக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தார்.