மூன்று விரல் கைக்கவசம்

திருவொற்றியூரில் டப்பா மூடி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு பிரஸ் மிஷின் வேலை. வேலை வேகமாக ஓட வேண்டும் என்று மிஷினின் முன்னால் இருக்க வேண்டிய தடுப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டிருந்தார்கள். ஒரு பகல் ஷிப்டில் என் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் அதில் போயின. வலி எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கையில் கட்டோடு வீட்டில் கிடந்தபோது அண்ணன் தன் பழைய போனை என் மடியில் போட்டான். அவன் லாரி பாடி கட்டும் பட்டறையில் தகடு தட்டும் டிங்கர்.

"சும்மா செவுத்தப் பாத்துக்கினு குந்தாத. இத்த ஆடு. ரெண்டு கட்ட வெரல் இருந்தா போதும்" என்றான்.

கோட்டைகளும் பூதங்களும் நிறைந்த சண்டை ஆட்டம் அது. தொடங்கும்போதே ஓர் ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. வாள், வில், ஈட்டி, மந்திரக்கோல். கடைசியாக ஒரு ஜோடி இரும்புக் கைக்கவசம். விரல்களின் மேல் இரும்புச் செதில்கள், முட்டிகளில் கூர்முனைகள். கவசமும் அதுவே, ஆயுதமும் அதுவே. நான் யோசிக்கவே இல்லை.

சேர்ந்து விளையாட ஒரு குழு கிடைத்தது. எல்லாரும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசியபடி ஆடுவோம். குழுத் தலைவனாக இருந்தவனுக்கு என் தேர்வு பிடிக்கவில்லை.

"கைக்கவசம் வேஸ்ட்டுங்க. ரொம்பப் பக்கத்துல போனாத்தான் அடிக்க முடியும். சீக்கிரம் செத்துடுவீங்க. வில்லு எடுங்க."

"எனுக்கு இதான் புட்ச்சிருக்கு. கிட்ட போய்த்தான் அடிப்பேன்."

யாரோ சிரித்தார்கள். "சினிமால ரவுடி பேசுற மாதிரியே பேசுறாங்க" என்று இன்னொரு குரல் வந்தது.

"எங்கூட்ல எல்லாரும் இப்டித்தான் பேசுவோம். காது வலிச்சா என்ன மியூட் பண்ணிக்கோ" என்றேன்.

ஒருவரும் மியூட் செய்யவில்லை. நான் பல முறை செத்தேன். ஆயுதத்தை மட்டும் மாற்றவில்லை.

கட்டைப் பிரித்த அன்று அண்ணனை இழுத்துக்கொண்டு மியூசியத்துக்குப் போனேன். ஆயுதங்கள் வைத்திருந்த கூடத்தில், முழங்கை வரை மூடுகிற ஓர் இரும்புக் கூடு கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. அதன் முனையிலிருந்தே நீளமான வாள் கிளம்பியது. பிடி உள்ளே இருப்பதால், அதைப் போட்டிருந்தவனின் விரல்கள் வெளியே தெரிந்திருக்காது. அதில் எத்தனை விரல் இருந்திருக்கும் என்று யோசித்தபடி நெடுநேரம் நின்றேன். சண்டை போடுகிறவர்களுக்கு முதலில் போவது விரல்தானே? போன பிறகும் எத்தனையோ பேர் அந்தக் கூட்டுக்குள் கையை விட்டிருப்பார்கள்.

கேம் பாத்திரங்களைப் போல வேடமிட்டு வரும் போட்டி ஒன்று நகரத்தில் நடக்கப்போவதாகக் குழுவில் செய்தி வந்தபோது, போவது என்று முடிவு செய்தேன். என் இடது கைக்கான கைக்கவசத்தை நானும் அண்ணனும் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தோம். தகட்டை வெட்டி வளைத்து ரிவிட் அடித்தோம். விரல் மடங்கவில்லை. தகடுகள் ஒன்றோடொன்று முட்டி நின்றன.

அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவள். ஒரு நாள் விற்காமல் நின்ற சிங்கி இறாலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கழுவும்போது அதன் வாலை மடக்கினேன், நிமிர்த்தினேன். ஒவ்வோர் ஓடும் அடுத்ததன் அடியில் வழுக்கிப் போனது. அதை அப்படியே ஒரு தட்டில் வைத்துப் பட்டறைக்குக் கிளம்பினேன்.

"கொயம்புக்கு வெச்சத எங்கடி தூக்கினு போற?" என்று அம்மா வாசல் வரை கத்திக்கொண்டு வந்தாள்.

அந்த ஓட்டைப் பார்த்து, தகடுகளை ஒன்றின் அடியில் ஒன்று வழுக்குமாறு அடுக்கினோம். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மூன்றும் மடங்கின. மீதி இடத்தைக் காட்டி அண்ணன் கேட்டான்.

"இங்க ரெண்டு வெரல் செஞ்சு உள்ள பஞ்சு அடைச்சிடட்டா? எவனுக்கும் தெரியாது."

"எனுக்குத் தெரியும்ல? மூணுதான் எனுக்கு. மூணே செய்."

அந்த இடத்தில் கனமான தகடு ஒன்றை வைத்து, அதில் கூர்முனைகளைப் பொருத்தினான்.

போட்டியில் நடுவர்களில் ஒருவர் என் கையைப் பார்த்து, "சண்டையில உடைஞ்ச மாதிரி பண்ணியிருக்கீங்களா? நல்ல கற்பனை" என்றார். நான் கைக்கவசத்தைக் கழற்றி என் கையை நீட்டினேன். "கற்பனை இல்ல சார். என் அளவு." அவர் எழுந்து நின்று அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். பரிசு, சிறகு விரித்து வந்த ஒரு பெண்ணுக்குப் போனது. அவள் சிறகு அப்படி இருந்தது, நானும் கைதட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, நடத்தியவர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் படங்களைப் போட்டார்கள். என் படமும் இருந்தது. அதில் எனக்கு ஐந்து விரல். கம்ப்யூட்டரில் சேர்த்திருந்தார்கள். "அது என் கை இல்லை, மாற்றுங்கள்" என்று எழுதினேன். "இப்படித்தான் அழகாக இருக்கிறது" என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். தினமும் எழுதினேன். குழுவில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள்கூட அங்கே வந்து எனக்காக எழுதினார்கள். கடைசியில் படத்தை எடுத்துவிட்டார்கள். சரியான படத்தைப் போடவில்லை.

நான் போட்டேன். அண்ணன் எடுத்திருந்த படம்: வலது கையில் கழற்றிப் பிடித்த கைக்கவசம், இடது கை வெறுமையாக, இரண்டையும் முகத்துக்கு நேரே தூக்கியபடி நான். பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு போய், கம்பெனியில் அந்த பிரஸ் மிஷினுக்கு நேரெதிர்ச் சுவரில் ஒட்டினேன். அப்போது எனக்குப் பேக்கிங்கில் வேலை கொடுத்திருந்தார்கள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "இன்னாம்மா இது? வேல செய்றவங்க பாத்து பயப்புட மாட்டாங்க?"

"பயப்புடட்டும் சார். தடுப்பு மாட்டாத மிஷினப் பாத்தா பயந்துதான் ஆவணும்."

"கிழிச்சுப் போட்டா?"

"வேற ஒட்டுவேன்."

பக்கத்து மிஷின்களில் இருந்த பெண்கள் கையை எடுத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் மிஷினை அணைத்தாள். அடுத்தவளும் அணைத்தாள். சூப்பர்வைசர் படத்தைத் தொடாமல் ஆபீசுக்குள் போனார்.

அந்த வாரமே எல்லா மிஷின்களிலும் தடுப்பு மாட்டினார்கள். நான் பேக்கிங்கிலிருந்து என் பழைய மிஷினைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.