கோர்ட்டில் மாப்பிள்ளை விசாரித்தது

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கென்று ஊரில் ஒரு வேலையை ஒதுக்கி வைத்திருப்பார்கள். விசாரிக்கிற வேலை. ‘நீ அங்கதானே இருக்க, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு’ என்பார்கள். நியூசிலாந்து என்றால் நாலு தெருவும் ஒரு பிள்ளையார் கோயிலும் என்று நினைப்பு. நான் குடியிருப்பது ஆக்லாந்தின் தெற்குப் பக்கம் பாபடோயிட்டோயில், வேலை பார்ப்பது வடக்குப் பக்கம் ஆல்பனியில். காலையில் துறைமுகப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய், சாயங்காலம் மறுபடி இந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள், பக்கத்து வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்கக்கூட எனக்குத் தெம்பு இருக்காது.

திருச்சியிலிருந்து அக்கா கூப்பிட்டபோதும் நான் மோட்டார்வேயில் நகராத வரிசையில்தான் இருந்தேன். அவள் மகளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் ஆக்லாந்துக்குத் தெற்கே, பாபகூராவையும் தாண்டி, மாடும் புல்வெளியும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஒரு மாவட்டத்தில், பால் பவுடர் தொழிற்சாலையில் இன்ஜினியர். ஜாதகம் பொருந்திவிட்டது. இரண்டு பேரும் வீடியோவில் பேசிப் பிடித்தும்விட்டது. நிச்சயத்துக்கு நாள் பார்க்கிற நேரத்தில் யாரோ அக்காவின் காதில் ஓதியிருக்கிறார்கள், பையன் குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டு கோர்ட்டுக்குப் போனவன் என்று. இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் நடந்தது எனக்குத் தெரியாது. திருச்சியில் தெரிந்திருக்கிறது.

“யாரு சொன்னாக்கா?”

“யாரோ சொன்னாங்க, அத விடு. உண்மையா இல்லையான்னு மட்டும் பாரு. அங்கெல்லாம் கோர்ட்டு ரெக்கார்டு எல்லாரும் பாக்கலாமாமே. நெட்டுல பேரப் போட்டா வந்துரும்கிறாங்க.”

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அக்காவின் கணவர், என் அத்தான், குடிப்பார். விசேஷத்துக்கு, துக்கத்துக்கு என்றில்லை, எப்போதும் குடிப்பார். குடித்துவிட்டு வண்டியும் ஓட்டுவார். அக்காவின் கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் அப்பாவும் முறையாக விசாரிக்கத்தான் செய்தார். கேட்ட எல்லோரும் ‘வெத்தலபாக்குகூடப் போடாத பையன்’ என்றார்கள். அதை நினைத்தால் அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் இன்றைக்கும் நாலு வார்த்தை கேட்கலாம் போல இருக்கும். மகளுக்கும் அதே கதி வந்துவிடக் கூடாது என்பதுதான் அக்காவின் ஒரே பயம்.

நெட்டில் பேரைப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவில் ஏதேதோ கிராமப்புற மாவட்டங்களின் கோர்ட் பதிவுகளைத் தேடித் தருகிறோம் என்று வரிசையாக வந்தன. சந்தா கட்டினால் பக்கத்து வீட்டுக்காரன் எப்போது எங்கே குடித்துவிட்டு ஓட்டினான் என்பது வரைக்கும் சொல்வார்களாம். இந்த நாட்டுக்கு அப்படி எதுவும் அகப்படவில்லை. சம்பந்தப்பட்ட கோர்ட்டில் எழுதிக் கேட்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. போனில் முயன்று, காத்திருப்போர் வரிசையின் பாட்டைக் கேட்டு அலுத்து, கடைசியில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நேரில் கிளம்பினேன். நல்ல லீவு நாள்.

கோர்ட் ஒரு சின்னக் கட்டடம், லைப்ரரிக்குப் பக்கத்தில். வாசலில் சேறு பூசிய பண்ணை வண்டிகள் நின்றன. உள்ளே முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டபடி இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சேலை கட்டாமல் போனது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன், ஏன் என்று தெரியாது. கவுன்டரில் இருந்த அம்மாள் பொறுமையானவர். யாரும் கேட்கலாம், ஆனால் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட மாட்டோம் என்றார். யாருடைய வழக்கு, எதற்காக வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு அவர்கள் யோசித்து முடிவு செய்வார்கள்.

காரணம் என்ற இடத்தில் ‘திருமணம்’ என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“உங்களுக்கா?”

“என் அக்கா மகளுக்கு.”

“அவள் அவரிடமே கேட்கலாமே?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்போம் என்பதை அந்த அம்மாளுக்கு எந்த இங்கிலீஷில் சொல்வது? எங்கள் வழக்கம் அப்படி என்றேன். அவர் தலையாட்டிவிட்டு இன்னொன்றும் சொன்னார். பதிவு இருந்தால், இன்னார் கேட்கிறார் என்று சம்பந்தப்பட்டவருக்குத் தெரியப்படுத்தி, அவருக்கு ஆட்சேபம் உண்டா என்றும் கேட்கக்கூடும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசாரிக்கிறோம் என்று பையன் வீட்டுக்குத் தெரிந்தால் அதோடு சம்பந்தம் போச்சு. காருக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். “குடுத்துரு. தெரிஞ்சா தெரியட்டும். போனா போகட்டும். என்னால இன்னொரு தடவ முடியாதுடி” என்றாள். அக்கா போனில் அனுப்பியிருந்த ஜாதகத்தைப் பார்த்துப் பையனின் பிறந்த தேதியை நிரப்பி, உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பும் வழியெல்லாம் மழை.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. நான் கொடுத்த விவரத்துக்குப் பொருந்துகிற வழக்கு எதுவும் தங்கள் கோர்ட்டில் இல்லை என்று இரண்டே வரி. அக்காவுக்கு அனுப்பினேன். அவள் போனிலேயே அழுதாள். சமயபுரத்துக்கு வேண்டியிருந்தாளாம். அன்றே மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தார்கள். வாட்ஸ்ஆப் முழுக்கக் கை கூப்பிய படங்கள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு ஆபீசில் என் பிறந்தநாள் வந்தது. வருஷா வருஷம் நடக்கிறதுதான். மத்தியானம் கேக் கொண்டுவந்து வைத்துச் சுற்றி நின்று பாடுவார்கள், நான் வெட்கப்படுகிற மாதிரி நிற்பேன். உண்மையில் நான் பிறந்தது அந்தத் தேதியில் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயது பற்றவில்லை என்று அப்பா ஜூன் மாதத்தில் ஒரு தேதியைச் சொல்லிவிட்டார். அதுவே சர்டிபிகேட்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போய், இங்கே வரைக்கும் என்னோடு வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். பிறந்தது ஒன்று, ரெக்கார்டு ஒன்று.

கத்தியை கேக்கில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கோர்ட்டுக்கு நான் கொடுத்தது ஜாதகத்தில் இருந்த தேதி.

எல்லோரும் கைதட்டினார்கள். நவக்கிரகத்துக்குத் தெரிந்த பிறந்தநாளைச் சொல்லி நியூசிலாந்து போலீஸ் பிடித்த ஆளைத் தேடச் சொல்லியிருக்கிறேன்! கிடைக்குமா? வேறு யாராவது இப்படி ஒரு தப்பு செய்ய முடியுமா? பையனுக்கும் இரண்டு தேதி இருக்கிறதா, இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு விசாரணை, இன்னொரு லீவு, இன்னொரு விண்ணப்பம். அதற்குள் நிச்சயம் முடிந்து பத்திரிகையும் அடித்துவிடுவார்கள். சோர்வாக இருந்தது. அந்தச் சோர்வுதான் என்னை நேர்வழிக்குத் தள்ளியது என்று சொல்ல வேண்டும். நல்ல புத்தி ஒன்றும் இல்லை. பையனின் நம்பரை எடுத்து நானே கூப்பிட்டேன்.

சனிக்கிழமை மளிகை வாங்க பாபடோயிட்டோய்தான் வருவேன் என்றான். கடைத்தெருவில் ஒரு ஸ்வீட் கடையில் உட்கார்ந்தோம். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, காலடியில் அரிசி மூட்டையோடு இருந்தான். டீ வருகிறவரைக்கும் மழையைப் பற்றிப் பேசினேன். அதற்கு மேல் சுற்றி வளைக்கத் தெம்பில்லை.

“தம்பி, நேராவே கேக்குறேன். குடிச்சுட்டு வண்டி ஓட்டி உங்க மேல கேஸ் இருந்துச்சா?”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “ஆமா ஆன்ட்டி.”

ஒரு மறுப்பு, ஒரு கோபம், ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அவனே சொன்னான். தொழிற்சாலையில் ஒருவருக்கு வழியனுப்பு விருந்து. அந்த ஊரில் பஸ்ஸும் இல்லை, டாக்சியும் இல்லை. பக்கம்தானே, நேர் ரோடுதானே என்று எடுத்திருக்கிறான். போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னது. அபராதம் கட்டினான். லைசென்ஸ் போனது. பிறகு லைசென்ஸ் திரும்பக் கிடைக்கிற வரைக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே சைக்கிளில் வேலைக்குப் போயிருக்கிறான்.

“இப்ப?”

“எப்பவாவது கொஞ்சம். வண்டி எடுக்குற அன்னைக்கு இல்ல ஆன்ட்டி.”

தொடவே மாட்டேன் என்று ஒரு சத்தியம் செய்திருக்கலாம். நான் நம்பியிருப்பேன். அவன் செய்யவில்லை. எனக்கு அவனைப் பிடித்துப்போனது, அதுதான் தொல்லை.

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“யாரும் கேக்கல ஆன்ட்டி. எங்க அம்மாவுக்கே தெரியாது.”

பெண்ணிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். இன்றைக்கே சொல்கிறேன் என்றான். டீக்கு அவன்தான் காசு கொடுத்தான், தடுத்தும் கேட்கவில்லை.

மறுநாள் முதலில் வந்தது அக்காவின் போன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் பேசியது வேறு. “ஒரு தடவதானேடி. வயசுப் பசங்க, கூட வேல பாக்குறவங்களோட சேர்ந்து நடந்துருக்கும். கேட்டதும் ஒத்துக்கிட்டான் பாரு. உங்க அத்தான் இத்தன வருஷத்துல ஒரு நாளாவது ஒத்துக்கிட்டாரா? மண்டபம் சொல்லியாச்சு, சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. இவ வேண்டாம்னு ஒத்தக் கால்ல நிக்குறா. நீ எடுத்துச் சொல்லு, உன் பேச்சக் கேப்பா.”

தேடச் சொன்னவளும் அவள்தான், கிடைத்த பிறகு அது ஒன்றுமில்லை என்கிறவளும் அவள்தான். கோபம் வந்தது. ஆனாலும் அவள் சொன்னதில் நியாயமே இல்லையா? எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். நல்ல பையன், ஒரு தப்பு, அதற்குத் தண்டனையும் முடிந்துவிட்டது. எடுத்துச் சொல்லலாம் என்றுதான் சாயங்காலம் பெண்ணைக் கூப்பிட்டேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

“அவர் மேல கோவமாம்மா?” என்றேன்.

“இல்ல சித்தி. எல்லாத்தையும் அவரே சொன்னாரு. பொய் சொல்லிருந்தா எனக்கு ஈசியா இருந்திருக்கும்.”

“அப்புறம் என்ன? ஒரு தடவதானே?”

“அப்பா வண்டிய ஸ்டாண்ட் போடுற சத்தத்துலயே இன்னைக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியும் சித்தி. சின்ன வயசுலேருந்து தெரியும். அம்மாவுக்குக்கூட அது தெரியாது. அவர் நல்லவராவே இருக்கட்டும். ஒரு நாள் வேலையில லேட்டாகி, ஒண்ணுமே குடிக்காம வந்தாலும், நான் உள்ள உக்காந்துக்கிட்டு கார் கதவு சாத்துற சத்தத்தத்தான் கேட்டுக்கிட்டு இருப்பேன். அந்த ஊர்ல வேற என்ன இருக்கு எனக்கு? அந்த மனுசன் பாவம் இல்லையா?”

எடுத்துச் சொல்ல வைத்திருந்த நியாயங்கள் எல்லாம் என்னிடம் அப்படியே இருந்தன. ஒன்றையும் எடுக்க முடியவில்லை. இத்தனை நாள் அவனைப் பற்றித்தான் எல்லோரும் விசாரித்தோம், இவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

“வேண்டாம்னா வேண்டாம்மா. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்,” என்றேன்.

“அவர்கிட்ட நான் சொல்றேன் சித்தி. நீங்க சொன்னா நல்லா இருக்காது.”

சரி என்றேன். அவள் இன்னும் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், நடுவில் நிறுத்தினாள்.

“அப்பா வந்துட்டாரு. வெக்கிறேன் சித்தி.” பிறகு, எனக்கா தனக்கா என்று தெரியாத மாதிரி, “இன்னைக்குக் கொஞ்சம்தான்,” என்றாள்.

எனக்குப் போனில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.